சளியே வரவில்லை, சிறுநீரில் டிபி தெரியுமா?

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு 41 வயது, லாரி டிரைவர். எச்ஐவி இருக்கிறது. நடுவில் ஒரு வருடம் மாத்திரையை விட்டுவிட்டான். ஒன்றரை மாதமாகக் காய்ச்சல், ஆள் பாதியாகிவிட்டான். இருமிப் பார்த்தும் சளி வரவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே சிறுநீர் எடுத்து, அரை மணி நேரத்தில் டிபி என்று சொல்லி மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். நுரையீரல் வியாதி சிறுநீரில் எப்படித் தெரியும்? சளி டெஸ்ட் எடுக்கும்வரை நிறுத்தி வைக்கலாமா? என் மகனுக்கும் (19) இரண்டு வாரமாக இருமல். அவனுக்கும் இதே டெஸ்ட் எடுக்கலாமா?
– பெயர் வேண்டாம், நாமக்கல்

பதில்: சகோதரி, மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

பல வருடம் முன்பு என் வார்டில் ஒரு பெண் இருந்தார். உங்கள் தம்பி மாதிரியேதான். மூன்று நாள் சளி டப்பாவைக் கையில் கொடுத்துக் கேட்டோம். எச்சில்தான் வந்தது. நான்காம் நாள் விடிவதற்குள் இறந்துவிட்டார். டப்பா கட்டிலுக்கு அடியில் அப்படியே இருந்தது. இந்தச் சிறுநீர் டெஸ்ட் அன்று எங்களிடம் இல்லை.

எச்ஐவியால் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு டிபி கிருமி நுரையீரலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து சிறுநீரகம்வரை போய்விடுகிறது. கிருமியின் மேலுறையில் 'லேம்' என்று ஒரு கொழுப்புச் சர்க்கரைப் பொருள் உண்டு. அது சிறுநீரில் இறங்குகிறது. ஒரு சொட்டுக்குச் சற்று அதிகமான சிறுநீரைப் பட்டையில் விட்டு 25 நிமிடம் காத்திருந்தால், லேம் இருக்கும்போது கோடு விழும். சில சமயம் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற அளவுக்கு மங்கலாக இருக்கும். அதற்காகவே ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அட்டை தருகிறார்கள்.

இதை உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே பரிந்துரைத்தது. தென்னாப்பிரிக்கா, தான்சானியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே ஆஸ்பத்திரிகளில் எச்ஐவியோடு சேர்க்கப்பட்ட 2,500-க்கும் மேற்பட்டவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. வழக்கமான டெஸ்ட்டுகள் மட்டும் செய்த பிரிவில் எட்டு வாரத்துக்குள் நூற்றுக்கு 25 பேர் இறந்தார்கள். இதையும் சேர்த்துச் செய்த பிரிவில் 21 பேர். அந்த நாலு பேரை நான் சின்ன எண்ணாக நினைக்க மாட்டேன்.

ஆனால் கோடு விழவில்லை என்றால் டிபி இல்லை என்று அர்த்தமில்லை. டிபி உள்ள எச்ஐவி நோயாளிகளிலேயே பாதிப் பேருக்கு மேல் இது தவறவிடும். மருந்துக்குக் கட்டுப்படாத டிபியா என்பதையும் சொல்லாது. அதனால் சளி கிடைத்தால் அந்த டெஸ்ட்டும் எடுக்கட்டும், மாத்திரை பாட்டுக்கு ஓடட்டும்.

மாத்திரை போட்டதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்து செய்கிற வேலை அது, பயப்படாதீர்கள். எச்ஐவி மாத்திரை தருகிற ஏஆர்டி மையத்தில் டிபி மாத்திரை ஆரம்பித்ததை அவசியம் சொல்லுங்கள். டோலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதை இரண்டு வேளையாக்க வேண்டும்.

மகனுக்கு எச்ஐவி இல்லையென்றால் இந்தப் பட்டை சரிவராது. அவனுக்குச் சளிதான் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையில் சளியில் டிபி கிருமியைத் தேடுகிற சிபிநாட் அல்லது ட்ரூநாட் டெஸ்ட் இலவசம். காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, இரண்டு முறை மூச்சை நன்றாக இழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமித் துப்பச் சொல்லுங்கள். நாளைக்கே போகட்டும்.