தோப்பை விற்கும் முன்

அடுத்து என்ன படிக்கவைப்பது என்று என்னிடம் யோசனை கேட்க நத்தத்திலிருந்து வந்திருந்தார்கள். அப்பா, அம்மா, மகள், கூடவே தாய்மாமா. நீட் இரண்டாவது முறையும் கைகொடுக்கவில்லை. "தோப்பைக் கொடுத்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் டாக்டராக்கிடலாம் சார்" என்றார் மாமா. அம்மா கண்ணைத் துடைத்தார். நானும் கொஞ்ச நேரம் ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். சரி, இனி உள்ளதைச் சொல்வோம் என்று அப்பாவிடம் திரும்பினேன்.

ஐயா, வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கட்டி எம்.பி.பி.எஸ். முடித்தால், எம்.டி.க்கு இன்னொரு நீட். அதற்கு விற்க இன்னொரு தோப்பு இருக்கிறதா? அதைவிட முக்கியம், உங்கள் மகள். பயாலஜி ரெக்கார்டில் படமெல்லாம் அக்கா வரைந்தது என்று அவளே சிரிக்கிறாள். கம்பியின் தடிமனை அளக்கும் ஸ்குரூ கேஜின் சுழிப் பிழை (எதையும் வைக்காதபோதே கருவி பூஜ்யம் காட்டாத தப்பு) பற்றிக் கேட்டதும், என் மேஜைப் பேனாவை எடுத்து விளக்க ஆரம்பித்துவிட்டாள்.

இன்ஜினியரிங், நர்சிங் எல்லாம் உங்களுக்கே தெரியும். உங்கள் சொந்தத்தில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: மெடிக்கல் பிசிசிஸ்ட்.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுப்பதைக் 'கரண்ட் வைப்பது' என்கிறோமே, எவ்வளவு வைப்பது என்று எழுதித் தருபவர் டாக்டர். அந்த அளவு உடம்புக்குள் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பவர் இவர். ஒரு நாளைக்கு 2 கிரே (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அலகு) என்பது வழக்கமான அளவு. அது உடம்புச் சூட்டை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஏற்றாது. தொட்டு உணர வழியே இல்லை. அதனால் லித்தியம் ஃபுளோரைடு சிப்பு ஒன்றைத் தோலில் ஒட்டுகிறார்கள். 3 மில்லிமீட்டர் சதுரம், துவரம்பருப்பைவிடச் சின்னது. பிறகு அதைச் சூடாக்கினால், வாங்கிய கதிர்வீச்சுக்குத் தக்கபடி ஒளி விடும். அந்த ஒளியை அளந்தால் டோஸ் தெரியும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் வேலை இன்னும் நுணுக்கம். இரிடியம்-192 என்ற, கதிர்வீச்சு தரும் சின்னத் துண்டு ஒன்றைக் குழாய் வழியாக உள்ளேயே அனுப்புவார்கள். பின்னால் மலக்குடல், முன்னால் சிறுநீர்ப்பை. சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் டோஸ் எகிறும். மலக்குடலில் கதிர்வீச்சை அளக்கும் மெல்லிய டயோடு ஆய்வி வைத்து, கம்ப்யூட்டர் போட்ட கணக்கோடு ஒப்பிடுவார்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், தப்பு ஆய்வியிலா, கணக்கிலா, குழாய் நகர்ந்ததா என்று துப்புத் துலக்க வேண்டும். அதாவது உங்கள் மகளின் அதே சுழிப் பிழை, ஐயா. பிரான்சின் எபினால் மருத்துவமனையில் 2004-05ல் நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிக் கதிர்வீச்சு போய்விட்டது. அதன் பிறகுதான் பிரான்சில், நோயாளியின் உடம்பிலேயே டோஸை அளந்து பார்ப்பதைக் கட்டாயமாக்கினார்கள்.

"பெண்பிள்ளைக்குக் கதிர்வீச்சு ஆகுமா?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. கருவி ஓடும்போது ஊழியர்கள் கான்கிரீட் சுவருக்கு வெளியே இருப்பார்கள். ஐந்தாண்டுச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (ஊழியர் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு. ஆளுக்கொரு கதிர்வீச்சு அளக்கும் பேட்ஜ் கொடுத்துக் கண்காணிக்கிறார்கள்.

வழி இதுதான்: பி.எஸ்சி. இயற்பியல், அரசுக் கல்லூரியிலேயே. பிறகு அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ், அல்லது எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஓராண்டு டிப்ளமா. இடங்கள் குறைவு, போட்டி உண்டு. பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் தானாக வந்துவிடாது. மாமாவுக்கு அது வருத்தம்தான். ஆனால் ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். பெயர் ஒத்திருக்கிறது என்று ஏதோ தனியார் கல்லூரியில் பணம் கட்டாமல், அந்தப் படிப்பை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பி.எஸ்சி. விண்ணப்பத்தை இந்த வாரமே போடச் சொல்லுங்கள். தோப்பு விற்பனைக்கில்லை என்று மச்சானிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் கோபித்துக்கொள்வார்.