சல்லி வேர் கிழங்காவது எப்படி?

கேள்வி: மூன்றாம் மாதத்தில் மரவள்ளிச் செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். நட்ட ஒரே கரணையிலிருந்து (தண்டுத் துண்டிலிருந்து) கிளம்பிய வேர்களில் நான்கைந்து மட்டும் விரல் பருமனுக்குத் திரண்டிருந்தன. மற்றவை நூலாகவே இருந்தன. புரத மாற்றமே இதற்குக் காரணம் என்று படித்தேன். ஆனால், கிழங்கில் புரதமே இல்லை என்கிறார்களே? (வாசகர், ராசிபுரம்)

பதில்: உணவுக் கணக்கில் அவர்கள் சொல்வது ஏறக்குறைய சரி. 100 கிராம் பச்சைக் கிழங்கில் ஏறத்தாழ ஒன்றரை கிராம் புரதமே உண்டு. அதனால்தான் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் மீன் குழம்போடு உண்ணும் வழக்கத்தை நல்ல வழக்கம் என்பேன். ஆனால், செடிக்குள் நடக்கும் வேலைகளைச் செய்யும் நொதிகள் ஏறக்குறைய அனைத்தும் புரதங்களே என்பதால், அளவு சிறிதானாலும் எந்தப் புரதம் கூடுகிறது, எது குறைகிறது என்பதே வேரின் போக்கைத் தீர்மானிக்கிறது.

நட்ட கரணையின் அடிவெட்டிலிருந்தும் மண்ணுக்குள் இருக்கும் கணுக்களிலிருந்தும் முதலில் சல்லி வேர்களே வருகின்றன. ஒன்று முதல் இரண்டு மாதத்திற்குள் அவற்றுள் சிலவற்றில் கேம்பியம் என்னும் வளர்படலம் முனைந்து, கட்டையாக இறுகும் செல்களுக்குப் பதிலாக மெல்லிய சுவருடைய சேமிப்புச் செல்களை உட்புறமாக அடுக்கத் தொடங்குகிறது. இலையிலிருந்து இறங்கும் சர்க்கரையைப் பிரித்துக் கொடுக்கும் சுக்ரோஸ் சிந்தேஸ் என்னும் நொதி, அதை மாவுச்சத்தாகக் கோக்கும் நொதிகள் ஆகியவை அவ்வேர்களில் பெருகுகின்றன. இவ்வாறு முந்திக்கொண்ட வேர்கள் சர்க்கரையை மேலும் மேலும் தம்பக்கம் இழுக்க, எஞ்சியவை நீரும் சத்தும் உறிஞ்சும் சல்லி வேர்களாகவே நின்றுவிடுகின்றன. அவை வீணானவை அல்ல. கிழங்கை ஊட்டும் செடிக்குத் தண்ணீர் கொடுப்பவை அவையே.

ஒரு செடியில் எத்தனை கிழங்கு என்பது பெரும்பாலும் இந்தத் தொடக்க மாதங்களிலேயே முடிவாகிவிடுவதால், அப்போது வயலைக் காயவிட்ட இழப்பைப் பின்னால் போடும் உரத்தால் ஈடுகட்ட முடியாது. கிழங்கு பிடித்தபின் ஆழமாகக் களைவெட்டுவதையும் தவிர்க்க வேண்டுகிறேன்.

கேள்வி: பிடுங்கிய மூன்றாம் நாள் கிழங்கை நறுக்கினால் உள்ளே நீலக்கோடு ஓடுகிறது. இது நோயா? (வாசகர், ஆத்தூர்)

பதில்: நோயன்று. பிடுங்கும்போது ஏற்படும் காயத்திற்குச் செடியின் திசுவே காட்டும் எதிர்வினை இது. உருளைக்கிழங்கு என்பது ஒரு தண்டு, அதன் கண்களிலிருந்து முளைக்கும். மரவள்ளிக் கிழங்கோ மொட்டே இல்லாத வேர், செடியை விட்டுப் பிரிந்தபின் தன் காயத்தை அது போதுமான அளவு ஆற்றிக்கொள்வதில்லை. காயம்பட்ட சில மணி நேரத்திலேயே செல்களைச் சிதைக்கவல்ல ஆக்சிஜனின் வீரிய வடிவங்கள் பெருகுகின்றன. அவற்றைத் தணிக்கும் கேட்டலேஸ், பெராக்சிடேஸ் போன்ற புரதங்களின் அளவும் மாறுகிறது. ஸ்கோபோலெட்டின் என்னும் பொருள் ஆக்சிஜனேற்றம் அடைந்து நீரைக் கடத்தும் சைலக் குழாய்களில் நிறமாகப் படிவதையே தாங்கள் காண்கிறீர்கள். அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பே தண்டை வெட்டிவிட்டு, கிழங்கை மண்ணிலேயே விட்டுவைத்தால் இது தள்ளிப்போகும். மாவுச்சத்து சற்றுக் குறையக்கூடும் என்பதால், ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்புவோர் அவ்வாறு செய்வதைவிடப் பிடுங்கிய அன்றே ஏற்றிவிடுவது நல்லது.