அப்பாவுக்கு 68 வயது, நாலு டாக்டர், ஒரு பை மாத்திரை: எப்படிச் சமாளிப்பது?

கேட்டது மகனா மகளா தெரியவில்லை. நாலு டாக்டர்கள் தந்த மாத்திரைகளைக் கையாளுவது எப்படி என்று கேட்டுவிட்டு, கடைசியில் "இப்போ கொஞ்சம் மறதியும் வந்துவிட்டது, வயசாச்சு, வேறென்ன" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். அந்த வரியைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். காலையில் நடங்கள், தியானம் செய்யுங்கள் என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு 71. தக்கலைப் பக்கம் வீடு. அரசு பஸ்ஸில் 34 வருஷம் கண்டக்டர். பெருமைக்காகச் சொல்லவில்லை, ஆனால் நாகர்கோவிலில் இருந்து களியக்காவிளை வரை நின்றுகொண்டே போகும் கூட்டத்தில் யாருக்கு எவ்வளவு சில்லறை பாக்கி என்று டிக்கெட்டின் பின்னால் எழுதாமலே ஞாபகம் வைத்துக் கொடுத்தவன் நான். அப்படிப்பட்டவன் இரண்டு வருஷம் முன்னால் ஒரு நாள் வாசலில் சாளை மீன் வாங்கிவிட்டு, நூறு ரூபாயைக் கொடுத்து, அஞ்சு நிமிஷத்தில் மறுபடியும் நூறு ரூபாயை நீட்டியிருக்கிறேன். "இப்பந்தானே தந்தீங்க அண்ணே" என்று அந்த அம்மா திருப்பித் தந்தாள். அவள் நல்லவள். வீட்டில் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அப்புறம் சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டல், நடந்தால் கால் தரையில் சரியாக நிற்காத மாதிரி. கிணற்றடியில் ஒரு தடவை விழுந்தேன். செத்துப்போன தம்பியின் பெயரைச் சொல்லி மகனைக் கூப்பிட்டேன். மகன் துபாயில் இருந்து போன் பண்ணி "அப்பா, இது மறதி நோயாக இருக்கும்" என்று பயந்து, திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் ஏற்பாடு செய்தான். மூளைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். வயதுக்குத் தக்க சுருக்கம் என்றார்கள். ஏற்கெனவே 11 மாத்திரை, மறதிக்கு ஒன்று சேர்த்து 12 ஆனது. பில்லைப் பார்த்தபோது மட்டும் எனக்குத் தெளிவு வந்துவிட்டது, அது வேறு.

பத்து நாள் கழிந்திருக்கும். விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு ரோட்டில் போய் நின்றிருக்கிறேன், 4.10 வண்டிக்குப் போகணுமாம், பேக்கை எங்கே வைத்தாய் என்று மனைவியைத் திட்டியிருக்கிறேன். ரிட்டயர் ஆகி 11 வருஷம் கழிந்து! எனக்கு இது ஒன்றும் ஞாபகம் இல்லை, அவள் சொல்லித்தான் தெரியும். அவள் அழுதுகொண்டே சொன்னாள் என்பதால் இதை வைத்து யாரும் கேலி பண்ண வேண்டாம்.

திருவனந்தபுரம் வரை போக நேரமில்லை என்று பக்கத்து வீட்டுப் பையன் ஆட்டோவில் ஏற்றி ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோனான். எங்கள் சின்ன வயதில் அது டிபி ஆஸ்பத்திரி, அந்தப் பக்கம் போகவே பயப்படுவோம். அங்கே டூட்டியில் இருந்தது என் பேத்தி வயசு டாக்டர். அந்தப் பிள்ளை ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில்கூட வாங்கவில்லை. "பாட்டி, வீட்ல தாத்தா சாப்பிடுற மாத்திரை ஒண்ணு விடாம எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள். மகள் கட்டைப்பையோடு வந்து மேஜையில் கொட்டினாள். அந்தப் பிள்ளை அட்டைகளைத் திருப்பித் திருப்பி, பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டு அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதை வாசித்தாள்.

இதயத்துக்குப் பார்க்கும் டாக்டர் தந்த பிரஷர் மாத்திரையின் பெயர் கடைசியில் 'எச்' என்று முடிந்தது. அதாவது உள்ளே ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரையும் சேர்ந்திருக்கிறது. சுகருக்குப் பார்க்கும் டாக்டர் பிரஷர் கூடியிருக்கிறதென்று தந்த இன்னொன்றில் குளோர்தாலிடோன். அதுவும் அதே வகை நீர் மாத்திரைதான், பெயரைப் பார்த்தால் தெரியாது. இரண்டும் சேர்ந்து உடம்பில் இருந்த உப்பை மூத்திரத்தில் இறக்கிக்கொண்டே இருந்திருக்கின்றன. இரத்தத்தில் சோடியம், அதாவது அந்த உப்புச் சத்து, 135 முதல் 145 வரை இருக்கவேண்டும். எனக்கு 116. அந்த அளவுக்குக் குறைந்தால் புத்தி தடுமாறும், வலிப்புகூட வரும் என்றாள். திருவனந்தபுரத்து ரிப்போர்ட்டை அப்புறம் வீட்டில் தேடிப் பார்த்தேன். ஸ்கேன் இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது, சோடியம் மட்டும் பார்க்கவே இல்லை.

டாக்டர்களைத் திட்டுகிறான் கிழவன் என்று யாரும் கிளம்பி வராதீர்கள். பாதிப் பிழை என்னுடையது. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று இரண்டாவது டாக்டர் கேட்டார், "பிரஷருக்கு ஏதோ ஒண்ணு உண்டு" என்றேன், அவ்வளவுதான். அதோடு மச்சானுக்கு பக்கவாதம் வந்த பயத்தில் நானே உப்பை நிறுத்திவிட்டேன், கஞ்சிகூட உப்பில்லாமல். தினம் நாலு லிட்டர் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் சுத்தமாகும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததையும் விடவில்லை. உப்பு ஒரு பக்கம் போக, இருக்கிற கொஞ்சத்தையும் தண்ணீரை ஊற்றி நீர்க்க வைத்திருக்கிறேன்.

உப்பு குறைந்தால் உப்பு ஏற்ற வேண்டியதுதானே என்று மகள் அவசரப்பட்டாள். அப்படி இல்லையாம், சோடியத்தை வேகமாகக் கூட்டினால் மூளைக்குக் கேடு, ஒரு நாளில் எட்டு பத்து அளவுக்கு மேல் ஏறவிடக்கூடாது என்று மணிக்கணக்கு வைத்து இரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காலையில் 131. எதிர்க் கட்டில்காரரிடம் காப்பிக்கு எவ்வளவு பாக்கி என்று கேட்டேனாம், மனைவி அப்போதுதான் மூச்சு விட்டாள். வீட்டுக்கு வரும்போது 12 மாத்திரை 7 ஆகிவிட்டது. மறதி மாத்திரையும் போச்சு.

எங்கள் தாத்தாவுக்குக் குடல்புண் ஆபரேஷன் நெய்யூர் ஆஸ்பத்திரியில் சாமர்வெல் டாக்டர் செய்தது. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போனாரே, அவர்தான். ஒரே டாக்டர், ஒரே சீட்டு, குடலையும் பார்ப்பார், காய்ச்சலையும் பார்ப்பார். இப்போது முட்டுக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், சுகருக்கு ஒருவர். ஒவ்வொருவரும் கெட்டிக்காரர்தான். ஆனால் ஆளை முழுசாகப் பார்க்கும் வேலை நோயாளியின் கைக்கு வந்துவிட்டது, அவனோ மூன்றரை மணிக்கு ரோட்டில் நிற்கிறான்.

நான் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், கண்டக்டர்கள் டிக்கெட் கணக்கு எழுதும் பழைய வே பில் மாதிரி கோடு போட்டு. பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர், யார் தந்தது, எதற்கு, எந்தத் தேதியில் தொடங்கியது. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதா மாதம் வீட்டுக்கு வந்து மாத்திரை தரும் பெண்ணிடமும் அதைக் காட்டித்தான் வாங்குகிறேன். மருந்துக்கடையில் "அது இல்லை, இது ரெண்டும் ஒண்ணுதான்" என்று வேறு அட்டை தந்தால் அங்கேயே நின்று பொடி எழுத்தை ஒத்துப் பார்ப்பேன். பின்னால் நிற்பவர்கள் முனகுவார்கள். முனகட்டும், கண்டக்டருக்கு அது புதுசா?

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் வாயில் வருகிறது. சென்னையில் மூத்த மகளைப் பார்க்க ரயிலில் போனால் 60 தாண்டிய ஆண்களுக்கு 40 சதவீதம், 58 தாண்டிய பெண்களுக்கு 50 சதவீதம் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனா என்று நிறுத்தினார்கள். கொரோனா போயும் சலுகை திரும்பி வரவில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், தெரியும். மாத்திரைக்கும் டிக்கெட்டுக்கும் ஒரே பென்ஷனில் இருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது, அதனால் சொன்னேன்.

சரி, உங்கள் அப்பா. ஒரு மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நீர் மாத்திரை எத்தனையோ பேரைக் காப்பாற்றுகிற மருந்து, இதயம் பலவீனமானவர்களுக்கு அதை நிறுத்தினால் ஆபத்து. இதை வாசித்துவிட்டு தினம் கருவாடு வறுத்துக் கொடுக்கவும் வேண்டாம். பையோடு எல்லாவற்றையும் ஒரே டாக்டர் முன்னால் கொட்டுங்கள். பொதுமருத்துவம் பார்ப்பவர் போதும். சோடியம் பார்க்கலாமா என்று கேளுங்கள், ஸ்கேனுக்கு ஆகும் காசோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. மறதி எப்போது தொடங்கியது, அதற்கு முந்தின மாதம் எந்த மாத்திரை புதிதாக வந்தது என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். அப்பாவிடம் கேட்காதீர்கள், "பிரஷருக்கு ஏதோ ஒண்ணு உண்டு" என்பார்.