63-3 தோல்வியோடு முடிந்த சீசன் வெற்றியா?

வெற்றிதான். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணியான ஃப்ளோரிடா ஸ்டேட் 2023இல் முதல் 13 ஆட்டங்களையும் ஜெயித்துவிட்டு, சீசன் முடிவில் நடக்கும் ஆரஞ்ச் பவுல் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றதால் அந்த சீசனே வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை.

கடைசி ஸ்கோர் மட்டும் மனதில் நிற்பதுதான் குழப்பத்துக்குக் காரணமாக இருக்கும். அன்று களத்தில் இருந்தது சீசன் முழுக்க ஆடிய அணியே அல்ல. தாக்குதலை வழிநடத்தும் குவாட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் நவம்பரிலேயே காலில் பலத்த காயத்தோடு வெளியேறிவிட்டார். தோல்வியே காணாத அணியை தேசியப் பட்டத்துக்கான நான்கு அணி பிளேஆஃபில் தேர்வுக் குழு சேர்க்கவில்லை. அது அநியாயம் என்பதுதான் இன்றும் என் கருத்து. அப்புறம் என்எஃப்எல் டிராஃப்ட் (தொழில்முறை லீக்கின் வீரர் தேர்வு), வேறு கல்லூரிக்கு மாறுவது, காயம் என்று இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் அந்த ஆட்டத்தில் இறங்கவில்லை.

சரி, ஒன்று செய்து பாருங்கள். சீசன் தொடங்குமுன் நியாயமாக எதை எதிர்பார்த்திருப்பீர்கள் என்று எழுதுங்கள். 2021இல் 5-7 (5 வெற்றி, 7 தோல்வி), 2022இல் 10-3. அடுத்த படி அவர்கள் ஆடும் லீக்கான ஏசிசியின் பட்டம்; 2014க்குப் பிறகு அது கைக்கு வரவே இல்லை. லூயிவில் அணியை 16-6 என்று வென்று அதை எடுத்தார்கள். வழியில் எல்எஸ்யுவை (லூசியானா ஸ்டேட் அணி) 45-24 என்றும், கிளெம்சனை அவர்கள் மைதானத்திலேயே கூடுதல் நேரத்திலும் வீழ்த்தினார்கள்.

ஆனால் இந்த அளவுகோல் அணிக்கு அணி மாறும். 10 வெற்றி அலபாமா ரசிகருக்கு ஏமாற்றம், வாண்டர்பில்ட் ரசிகருக்குத் திருவிழா. 2024இல் வந்த 2-10ஐ வைத்தும் 2023ஐ எடை போடாதீர்கள். அது வேறு கணக்கு.