ஒதுக்கி வச்ச டேட்டா

அன்புள்ள சார்,

நான் பெரம்பூர், வயசு 27. எம்பிஏ முடிச்சிட்டு நாலு வருஷமா ஒரு பேங்க்ல லோன் செக்‌ஷன்ல இருக்கேன். ஃபைனான்ஸ்ல பிஎச்டி பண்ணி ப்ரொஃபசர் ஆகணும்னு ஆசை. அப்பா ஒரே கேள்விதான் கேக்குறார், "எந்த ஷேர் ஏறும்னு தெரிஞ்ச ஆளு எதுக்கு 29சி பஸ்ல தொங்கிட்டுப் போய் பாடம் நடத்தணும்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியல. உண்மையில ஒரு ஃபைனான்ஸ் ப்ரொஃபசர் என்னதான் ஆராய்ச்சி பண்றார்?

கே., பெரம்பூர்

அன்புள்ள கே.,

அப்பா கேட்டது நல்ல கேள்வி. எந்த ஷேர் ஏறும்னு எங்களுக்குத் தெரியாதும்மா. தெரியும்னு ஒருத்தர் சொன்னா அது நிஜமான்னு சோதிச்சுப் பாக்குறதுதான் எங்க வேலையில பெரும்பங்கு.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் யூஜின் ஃபாமா காலேஜ்ல முதல்ல படிச்சது பிரெஞ்சு. அப்ப ஷேர் மார்க்கெட்டைக் கணிச்சுச் சொல்ற சர்வீஸ் நடத்தின ஒரு ப்ரொஃபசர்கிட்ட வேலை பாத்தார், பழைய விலைகளை வச்சு எப்ப வாங்கலாம் எப்ப விக்கலாம்னு ரூல் கண்டுபிடிக்கிற வேலை. கண்டுபிடிச்ச ரூல் எல்லாம் அந்தப் பழைய டேட்டாவுல பிரமாதமா ஓடும், ஆனா அந்த ப்ரொஃபசர் கொஞ்சம் டேட்டாவைத் தனியா ஒதுக்கி வச்சிருந்தார், அதுல போட்டுப் பாத்தா நிக்காது. அப்புறம் ஃபாமா சிகாகோவுல 1964ல பிஎச்டி முடிச்சார், 1970ல சந்தை விலைக்குள்ள தகவல் எல்லாம் ஏற்கெனவே கலந்திருக்குன்னு வாதாடுற அந்தப் பெரிய கட்டுரை, 2013ல நோபல். அந்த நோபலைப் பகிர்ந்துகிட்டவங்கள்ல ஒருத்தர் ராபர்ட் ஷில்லர், விலை அளவுக்கு மீறி ஆடுதுன்னு 1981லயே எழுதினவர், நேர் எதிர்க்கட்சி! இந்தத் துறைமேல எனக்கு மரியாதை வந்ததே இந்த மாதிரி விஷயங்களாலதான்.

1993ல நரசிம்மன் ஜெகதீஷும் ஷெரிடன் டிட்மனும் ஒரு கட்டுரை போட்டாங்க. ஆறு மாசமா ஏறின ஷேரை வாங்கி இறங்கினதை வித்து ஆறு மாசம் வச்சிருந்தா, 1965லேர்ந்து 1989 வரைக்கும் அமெரிக்காவுல வருஷத்துக்குச் சுமார் 12% கிடைச்சிருக்கும்னு. அதோட விடல, 1990கள் டேட்டா வந்ததும் 2001ல அவங்களே மறுபடி சோதிச்சாங்க, நின்னுச்சு. ஆனா 2009ல மார்க்கெட் திரும்பினப்ப அதே முறை பலமா அடி வாங்குச்சு.

என் ஸ்டூடன்ட் ஒருத்தன் இன்னிக்கு நிஃப்டியில, அதாவது நம்ம ஷேர் மார்க்கெட்டோட போக்கைக் காட்டுற பெரிய கம்பெனிப் பட்டியல்ல, இருக்கிற 50 கம்பெனியை எடுத்து 15 வருஷம் பின்னாடி போய், பாருங்க சார் எவ்வளவு லாபம்னு காட்டினான். நான் கேட்டேன், சத்யம் எங்கப்பா? யூனிடெக் எங்க? அதெல்லாமும் ஒரு காலத்துல நிஃப்டியில இருந்ததுதான். சத்யத்தை 2009 ஜனவரியில தூக்கினாங்க. விழுந்ததையெல்லாம் விட்டுட்டு நின்னதை மட்டும் எண்ணினா எல்லாருமே ஜெயிச்ச மாதிரிதான் தெரியும்.

பாடம் நடத்துறதைப் பத்தி நீங்க கேக்கல, ஆனா எனக்கு அதுதான் முக்கியம். ஒரு தடவை வட்டிக் கணக்குக்கு ஏலச்சீட்டை எடுத்துகிட்டேன், 20 பேர், மாசம் 5,000, முதல் மாசமே 30,000 தள்ளி எடுக்கிறவங்களுக்கு வட்டி எவ்வளவு விழுதுன்னு போர்டுல போட்டேன். கடைசி பெஞ்சுலேர்ந்து ஒரு பொண்ணு எழுந்து, "சார், எங்கம்மா வியாசர்பாடியில சீட்டு பிடிக்கிறாங்க, முதல் சீட்டுக்கு ஏலமே கிடையாது, அது பிடிக்கிறவங்களுக்கு, முழுசா எடுத்துப்பாங்க"ன்னா. ஏன்னு கேட்டேன். "யாராவது சீட்டை எடுத்துட்டு ஓடிட்டா அம்மாதானே கட்டணும்"னா. என் கணக்கு தப்பு, அவ சொன்னதுதான் சரி, கடன் ரிஸ்க்குக்கு விலை உண்டுன்னு நான் ரெண்டு வாரம் கழிச்சு நடத்த வேண்டிய பாடத்தை அவ ஒரு வரியில முடிச்சிட்டா. போர்டை அழிச்சிட்டு அவளையே வந்து போடச் சொன்னேன். அன்னிக்கு வீட்டுக்குப் போகும்போது இருந்த சந்தோஷம் எந்தக் கட்டுரை அச்சாகியும் எனக்குக் கிடைச்சதில்ல.

மத்தபடி, பிஎச்டின்னா நாலஞ்சு வருஷம், முதல்ல கோர்ஸ்வொர்க், அப்புறம் தீசிஸ். நெட்ங்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா மாசம் 37,000, பேங்க் சம்பளத்தை விடக் குறைவா இருக்கலாம், வீட்ல முன்னாடியே பேசிடுங்க. கட்டுரை திரும்பி வரும். ஆப்ஷனுக்கு, அதாவது ஒரு ஷேரைக் குறிச்ச விலைக்குப் பின்னாடி வாங்கவோ விக்கவோ கிடைக்கிற உரிமைக்கு, எப்படி விலை போடுறதுன்னு பிளாக்கும் ஷோல்ஸும் எழுதின பேர்போன கட்டுரையே திரும்பி வந்து 1973லதான் வெளியாச்சு.

உங்ககிட்ட ஏற்கெனவே ஒரு கேள்வி இருக்கு, கவனிச்சீங்களா? லோன் கொடுத்தவங்க கட்டினாங்களா இல்லையான்னு உங்க பேங்க்ல ரெக்கார்டு இருக்கும். நீங்க ரிஜெக்ட் பண்ணி அனுப்பினவங்க, கொடுத்திருந்தா கட்டியிருப்பாங்களா? அது எந்த ஃபைல்லயும் இல்ல, ஆனா அடுத்து யாருக்குக் கொடுக்கலாம்னு முடிவு பண்றது கட்டினவங்க, கட்டாதவங்க ஃபைலை மட்டும் வச்சுதான். அப்ளிகேஷன்ல ஏன் பிஎச்டின்னு கேக்குற இடத்துல இதை எழுதுங்க. எழுதிட்டு எனக்கு ஒரு காப்பி அனுப்புங்க, படிச்சுட்டு சொல்றேன்.