சாவு வீட்டு வேலை இல்லை, அம்மா

வணக்கம் அம்மா,

"சைக்காலஜி படித்த பெண், சாகக் கிடப்பவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்து என்ன சம்பாதிக்கப் போகிறாள்?" என்று, குணமாகாத நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் துணைநிற்கும் சமூகப் பணியாளராக ஆசைப்படும் உங்கள் மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சம்பளத்தை முதலில் முடித்துவிடுவோம். குறைவுதான். கூடப் படித்து ஐ.டி. கம்பெனி எச்.ஆரில் சேர்ந்த பெண்ணோடு ஒப்பிட்டால் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும். 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புச் சிகிச்சை (நோயைக் குணப்படுத்த முடியாதபோதும் வலியையும் வேதனையையும் குறைக்கும் சிகிச்சை) தருகிறார்கள். ஆனால் அதில் முன்னால் நிற்பது நர்சும் பிசியோதெரபிஸ்டும். உங்கள் மகளைப் போன்றவர்களுக்கு வாய்ப்பு பெரும்பாலும் புற்றுநோய் மருத்துவமனைகளிலும் அறக்கட்டளைகளிலும்தான்.

சரி, என்ன வேலை அது? ஆலோசனை சொல்லி மாணவர்களை இந்த வேலைக்கு அனுப்புகிறோமே, நாமும் பார்க்க வேண்டாமா என்று ஒருமுறை ஒரு குழுவோடு வீட்டு விசிட் போனேன். நர்ஸ் புண்ணுக்குக் கட்டு மாற்றினார். கூட வந்த சமூகப் பணியாளர் நேராகச் சமையலறைக்குப் போனார். அரிசி களைந்துகொண்டே அந்த வீட்டம்மா, "அவருக்குக் கேன்சர்னு தெரியாது. அல்சர்னு சொல்லி வெச்சிருக்கோம்" என்றார். அந்த அம்மா பால் வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் கணவர் சொன்னார்: "எனக்கு எல்லாம் புரிஞ்சிடுச்சு. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டா."

அந்தச் சமூகப் பணியாளர் இதை அங்கேயும் அதை இங்கேயும் கொண்டுபோய்ப் போடவில்லை. "அவங்களும் ஏதோ ஊகிச்சிருப்பாங்கன்னு உங்களுக்குத் தோணுதா சார்?" என்று மட்டும் கேட்டார். கணவர் ரொம்ப நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பேங்க் கணக்கு என் பேர்ல மட்டும்தான் இருக்கு" என்றார். அங்கிருந்து நாமினி, கேஸ் இணைப்பு, பையனின் காலேஜ் ஃபீஸ் என்று பேச்சு போனது. மனைவி பாலோடு வந்தபோது, "நீயும் உட்காரு" என்றார்.

குடும்ப ஆதரவு என்பது இதுதான். காப்பீட்டு அட்டைக்கு அலைவது, இரவெல்லாம் கண்விழிக்கும் மருமகளைக் கொஞ்சம் தூங்க வைப்பது, அப்பாவுக்கு என்ன என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு அதன் பாஷையில் சொல்வது, பதினாறாம் நாள் முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறிய பிறகு அந்த வீட்டுக்கு இன்னொரு தடவை போவது. இதில் முக்கால்வாசி உயிரோடு இருப்பவர்களுக்கான வேலை. 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை (கடைசிக் காலத்தில் இருப்பவர்களுக்கான பராமரிப்பு இல்லம்) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ்கூட டாக்டர் ஆவதற்கு முன் நர்சாகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்தவர்தான். வலி என்பது உடம்போடு நிற்பதில்லை, மனசு, குடும்பம், பணம் எல்லாம் அதில் சேர்ந்தே இருக்கிறது என்று அவர் சொன்னதில் எனக்கு ஆச்சரியமில்லை.

படிப்பு என்றால் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை, இரண்டு வருடம், மருத்துவ மற்றும் மனநலச் சமூகப்பணிப் பிரிவு. சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி என்று நல்ல இடங்கள் உண்டு. எங்கே சேர்ந்தாலும் களப்பணிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள் என்று கேட்டுவிட்டு ஃபீஸ் கட்டுங்கள். இந்தத் துறையில் கேரளா நமக்கு ரொம்ப முன்னால் போய்விட்டது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது, இன்று தெருவுக்குத் தெரு தன்னார்வலர்கள். விடுமுறையில் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

தாத்தாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட பிறகுதான் இந்த ஆசை வந்தது என்று எழுதியிருந்தீர்கள். நல்ல காரணம்தான், ஆனால் ஆறு மாதம்தானே ஆகிறது. நாளைக்கே ஒரு ஹாஸ்பிஸில் வேலைக்குச் சேர்கிறேன் என்றால் நானே வேண்டாம் என்பேன். படித்து முடிக்க இரண்டு வருடம் ஆகுமல்லவா, அந்த அவகாசம் போதும்.

அப்புறம், உங்கள் இரண்டாவது பயம்: மனசு உடைந்துவிடாதா? என்னிடம் ஆலோசனை கேட்டுப் போன ஒரு பையன் இரண்டே வருடத்தில் விட்டுவிட்டு வந்தான். சாவைப் பார்த்து இல்லை. அந்த இடத்தில் கவுன்சலர் என்று இருந்தது அவன் ஒருவன்தான். சாயங்காலம் மனதில் இருப்பதைக் கொட்ட ஒரு சீனியர்கூட இல்லை. நான் அதை விசாரிக்காமல் அனுப்பினேன், தப்பு என்னுடையதும்தான். அதனால் இன்டர்வியூவுக்குப் போகும்போது சம்பளத்தோடு இதையும் கேட்கச் சொல்லுங்கள்: "டீம் மீட்டிங் எந்தக் கிழமை? ஒரு நோயாளி இறந்தால் அடுத்த நாள் நாங்கள் யாரிடம் பேசுவோம்?" பதில் சொல்ல முழித்தால், காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிடட்டும்.