கையொப்பமிட்டுச் சென்றதால் முறையிட முடியாதா?

கேள்வி: பொகவந்தலாவைத் தோட்டத்திலுள்ள என் தங்கையை, வீட்டுக்கு இரண்டு இலட்சம் ரூபா முற்பணம் தந்து, விசிட் விசாவில் ஓமானுக்கு அனுப்பினார் ஓர் ஏஜென்ட். அங்கு கடவுச்சீட்டைப் பறித்து, சம்பளமின்றி வேலை வாங்கியிருக்கிறார்கள். தப்பி வந்தவளிடம், "கையெழுத்துப் போட்டுத்தானே போனாய், பணத்தைக் கட்டு, இல்லாவிட்டால் பொலிசில் கொடுப்பேன்" என்று மிரட்டுகிறார். தோட்டத்து மாதர் சங்கம் அவருடைய படத்துடன் துண்டுப்பிரசுரம் அடிக்கப் பார்க்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: பொலிசுக்குப் போக அஞ்ச வேண்டியவர் அந்த ஏஜென்ட்தான். 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தால் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 360இ பிரிவின்படி, ஏமாற்றியோ ஆசை காட்டியோ ஒருவருடைய இயலாமையைப் பயன்படுத்தியோ கட்டாய வேலைக்காக ஆளைச் சேர்த்து அனுப்புவது ஆட்கடத்தலாகும். அதற்கு 2 முதல் 20 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. வேலையைப் பற்றிப் பொய் சொல்லிப் பெற்ற கையெழுத்து அவரைக் காப்பாற்றாது. சட்டவிரோத நோக்கத்துக்காகக் கொடுத்த முற்பணத்தை நீதிமன்றத்தின் துணையோடு அறவிடுவதும் எளிதன்று. ஆகவே தங்கை இனி எந்தத் தாளிலும் கையொப்பமிடாமலும், பணம் எதுவும் கட்டாமலும் இருக்கட்டும்.

உள்ளூர்ப் பொலிஸ் நிலையத்தில் அவருக்குச் செல்வாக்கு இருக்குமெனக் கருதினால், கொழும்பிலுள்ள குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் முறையிடலாம். உரிமமின்றி ஆள் அனுப்பியிருந்தால், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடமும் முறைப்பாடு செய்யலாம். விசிட் விசாவில் சென்றதை மறைக்க வேண்டாம். ஏமாற்றுக்கு அதுவே நல்ல சான்று. விமானச் சீட்டு, விசாப் பிரதி, மிரட்டும் குரல்பதிவுகள் எவற்றையும் அழித்துவிடாதீர்கள்.

வாக்குமூலத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சிங்களத்தில் எழுதப்பட்டதை, தமிழில் வாசித்து விளக்கப்படாமல், தங்கை ஒப்பமிடக் கூடாது. தமிழில் வாக்குமூலம் எடுக்கும்படியும், பெண் உத்தியோகத்தர் ஒருவர் பதிவு செய்யும்படியும் கேளுங்கள். துணைக்குச் சட்டத்தரணி வேண்டுமானால், புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம்.

முறைப்பாட்டுக்குப் பின்னரும் மிரட்டல் தொடர்ந்தால், 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க, குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதுவே தனிக் குற்றம். அச்சட்டத்தின் கீழுள்ள தேசிய அதிகார சபையிடம் பாதுகாப்பும் கோரலாம்.

துண்டுப்பிரசுரத்தை மட்டும் தடுத்துவிடுங்கள். 2002இல் குற்றவியல் அவதூறு நீக்கப்பட்டாலும் குடியியல் வழக்கு நிற்கும். அதைவிட, ஏஜென்ட்டின் முகத்தைக் கண்டதும் தோட்டமே உங்கள் தங்கையை அடையாளம் கண்டுவிடும், அவரும் தடயங்களை அழித்துவிடுவார். மாதர் சங்கக் கூட்டத்தில் பெயர் எதுவும் சொல்லாமல், விசிட் விசாவில் வேலைக்குப் போவதன் ஆபத்தையும், முற்பணம் வாங்குமுன் ஏஜென்ட்டின் உரிம இலக்கத்தைப் பணியகத்தில் விசாரிக்கும் வழியையும் விளக்கச் சொல்லுங்கள். தங்கையை அங்கே பேச அழைக்க வேண்டாம். தானாக முன்வந்தாலும், வழக்கு முடியும்வரை பொறுத்திருக்கட்டும்.